நூறு கிராம் சோப்பு

ஜூலை 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

இந்தக் கையெழுத்து உங்களுக்குப் புதிது. நான் உங்கள் அண்ணி. உங்கள் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகிறது. நாம் இருவரும் இன்னும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. “அவளோட போன்ல பேசற வேலையெல்லாம் வேண்டாம்” என்று கல்யாணமான புதிதில் அவர் சொன்னார். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நான் கணக்கு டீச்சர், நிபந்தனையைச் சரியாகப் படிக்கத் தெரியும்.

உங்களுக்கும் அவருக்கும் நடந்தது எனக்குத் தெரியும். தான் பஸ் ஓட்டும் தொழில்நுட்பக் கல்லூரியிலேயே அவர் கெஞ்சிக் கூத்தாடி உங்களுக்கு ஆபீஸ் வேலை வாங்கியது, சேர வேண்டிய நாளில் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் சோப்புத் தொழிற்சாலையில் போய்ச் சேர்ந்தது, அவர் சாப்பாட்டு டப்பாவோடு கல்லூரி கேட்டில் காத்து நின்றது. அதைப் பற்றிப் பேச இந்தக் கடிதம் இல்லை. எனக்கு ஓர் உதவி வேண்டும். சுத்தமான சுயநலம்.

அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயந்திரப் பிரிவுக்கு நான் தரக்கட்டுப்பாட்டுப் புள்ளியியல் எடுக்கிறேன். போன வருடம் பாதிப் பேருக்கு மேல் பெயில். இந்த வருடமும் அப்படியானால் பாடத்தைத் தூக்கிவிட்டு அந்த நேரத்தில் வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் பிரின்சிபால். வெல்டிங் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் செய்த பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாமல் வெறுமனே செய்யத் தெரிந்தவர்களை வெளியே அனுப்புவது எனக்கு உறுத்துகிறது.

குற்றம் என் மேலும் உண்டு. போன வாரம் போர்டில் ‘ஒரு தொழிற்சாலையில் தயாரான இருபது தண்டுகளின் விட்டம்’ என்று எழுதி எண்களைப் போட்டேன். ஒருத்தி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

“மிஸ், இந்தத் தொழிற்சாலை எங்க இருக்கு?”

“புத்தகத்துல இருக்கு.”

“அங்க வேலை பாக்கறவங்க பாவம் மிஸ். எங்க அக்கா படிக்கும்போதும் இதே இருபது தண்டைத்தான் அளந்துட்டு இருந்தாங்க.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவாகச் சிரிக்க முடியவில்லை.

நீங்கள் அங்கே தரப்பிரிவு மேலாளர். நிஜமான எண்கள் கொஞ்சம் தர முடியுமா? முடிந்தால் கொஞ்சம் சோப்பும். ஒதுக்கித் தள்ளியவை போதும். கல்லூரி முகவரிக்கே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணி


ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

உறையில் கல்லூரியின் பெயர் இருந்தது. மூன்று வருடம் கழித்து, வேலையில் ஏன் சேரவில்லை என்று விளக்கம் கேட்கிறார்களோ என்று பயந்துகொண்டே பிரித்தேன். பிறகு கேன்டீனில் உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். டீ ஆறிவிட்டது.

சோப்பு அனுப்புகிறேன், ஒதுக்கியதை அல்ல, வரிசையில் வந்தபடியே எடுத்ததை. இங்கே அது நீளமான பட்டையாக இறுகி வரும். கட்டர் அதைத் துண்டு போடும், அடுத்த இயந்திரம் முத்திரை குத்தும். ஒரு கட்டி நூறு கிராம் இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்பதற்கும் இருக்கிறது என்பதற்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

இப்போது அதுவும் தள்ளாடுகிறது. எங்கள் பெரிய வாடிக்கையாளர் இரண்டு முறை சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே பெட்டியில் ஒரு கட்டி இளைத்திருக்கிறது, பக்கத்துக் கட்டி கொழுத்திருக்கிறது. இன்னொரு முறை திரும்பி வந்தால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். “உங்க டிபார்ட்மென்ட் தூங்குதா?” என்று முதலாளி கேட்கிறார். டிபார்ட்மென்ட் என்பது நானும் ஓர் உதவியாளரும். அவர் நிஜமாகவே தூங்குவார்.

உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், இந்தத் தொழிற்சாலை புத்தகத்தில் இல்லை. தரை வழுக்கும், சத்தம் காதைப் பிளக்கும், எல்லோர் மேலும் நல்ல வாசனை அடிக்கும்.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக அவரிடம் சொல்லவும் வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 23

அன்புள்ள நாத்தனாருக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. கேட்டிலிருந்து மாடிக்குத் தூக்கி வந்தவர் உங்கள் அண்ணன். அனுப்பியவர் முகவரியை அவர் படிப்பதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். மேஜையில் வைத்துவிட்டு, “கனமா இருக்கு” என்றார்.  ஆனால் அங்கிருந்து போகவில்லை.

வகுப்பு கமகமத்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, “யாரு குளிச்சது?” என்றார். ஆளுக்கொரு கட்டியைத் தராசில் வைத்தார்கள். “எல்லாத்துலயும் நூறு கிராம்னு அச்சடிச்சிருக்கே, எதுக்கு மிஸ் நிறுக்கணும்?” என்று கேட்டவனின் கட்டி தொண்ணூற்றாறு காட்டியது. தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வோர் எடைக்கும் போர்டில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சரிந்து, மணியைக் கவிழ்த்தது போல வந்தது. நான் வாயே திறக்கவில்லை. வக்கீல்தான் சொன்னாள்: “மிஸ், இது புக்குல இருக்கற படம் மிஸ்.” ஐந்து வருடம் அந்தப் படத்தை நான் போர்டில் வரைந்திருக்கிறேன். அது தானாக வளர்ந்ததை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன்.

அப்புறம் ஒரு விளையாட்டு. தாளில் ஒரு புள்ளி, அதற்கு நேர் மேலே ஸ்டாண்டில் ஒரு புனல். புனல் வழியாகக் கோலியைப் போட வேண்டும், அது விழுந்த இடத்தில் குறி வைக்க வேண்டும். ஒரு குழு புனலைத் தொடவே கூடாது. இன்னொரு குழு, கோலி எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு தூரம் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்திச் சரிசெய்யலாம். இரண்டாவது குழுவில் ஓர் ஆள் குறைந்தது. உங்கள் அண்ணனைச் சேர்த்துவிட்டேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வீட்டில் ஃபேன், ரேடியோ, ஜன்னல் கொக்கி எதையும் சும்மா விட்டதில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கோலிக்கும் புனலை நகர்த்தினார். முடிவில் இரண்டு தாளையும் சுவரில் ஒட்டினோம். தொடாதவர்களின் குறிகள் புள்ளியைச் சுற்றிக் கூட்டமாக நின்றன. இவருடையவை தாள் முழுக்க ஊர்வலம் போயிருந்தன.

“புனல் கோணல்” என்றார்.

“இல்லண்ணே, கோலி எப்பவும் கொஞ்சம் அங்கஇங்க போகத்தான் செய்யும். நீங்க அதைத் தப்புன்னு நெனச்சு பின்னாடியே ஓடினீங்க. அதான் ஆட்டம் அதிகமாயிடுச்சு” என்றாள் வக்கீல். நான் சொல்லிக் கொடுக்க வைத்திருந்த வாக்கியம் அது.

 வீட்டில் சாப்பிடும்போது அவர் கேட்டார்: “அதெப்படி, சரி பண்ணப் பண்ண மோசமாகும்?”

நீங்கள் கேட்காத கேள்விக்கு நான் சொல்லாத பதில்: அவர் நன்றாக இருக்கிறார்.

அண்ணி


ஆகஸ்ட் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், எதிரே உட்கார்ந்திருந்த பேக்கிங் பெண்கள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று முடிவே செய்துவிட்டார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொல்லும் புனல் எங்கள் காலை ஷிப்டில் நிற்கிறது என்று தோன்றியது.

காலையில் கட்டரைப் பார்த்துக்கொள்பவர் ஓர் அக்கா. எல்லோருக்கும் கட்டர் அக்கா. இந்தக் கூரையின் கீழ் அவரைப் போலப் பொறுப்பானவர் கிடையாது. அடிக்கொரு தரம் ஒரு கட்டியை எடுத்து எடை போடுவார். ஒரு கிராம் கூடினால் துண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை இந்தப் பக்கம், ஒரு கிராம் குறைந்தால் அந்தப் பக்கம். மத்தியான ஷிப்டில் இருப்பவர் நேர் எதிர். திருகு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நிற்பார். இரண்டு ஷிப்டின் சரக்கும் ஒரே குவியலாகப் போய்ச் சேருவதால், கெட்டது யாருடையது என்று இதுவரை தெரியவில்லை. முதலாளிக்குச் சந்தேகமே இல்லை, பாட்டுக்காரர்தான் காரணம் என்று இந்த மாதத்தோடு அவரை அனுப்பப் பார்க்கிறார்.

அளந்து பார்க்காமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அளப்பதற்கு எனக்குக் கை போதவில்லை. உங்கள் மாணவர்கள் ஒரு நாள் வந்து இரண்டு ஷிப்டிலும் கால் மணிக்கு ஒரு தரம் எடை பார்த்து வரைந்து தர முடியுமா? முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அவர்கள் வர பஸ் வேண்டும். பஸ் என்றால் டிரைவரும் வருவாரே, அண்ணி. அதைத்தான் யோசிக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

நல்ல செய்தி முதலில். பிரின்சிபால் சரி என்றுவிட்டார். “சோப்புத் தொழிற்சாலையில வெல்டிங் உண்டா?” என்று மட்டும் கேட்டார்.

கெட்ட செய்தி: நான் வரவில்லை. கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டில் இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கட்டிகளில் ஒன்று வகுப்புத் தரையில் கிடந்தது. மேலே எழுத வேண்டாம், புரிந்திருக்கும். டாக்டர் காரணத்தைக் கேட்டுவிட்டு எழுதிக்கொள்வதற்கு முன்னால் சற்று வெளியே போய்விட்டு வந்தார். சிரிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். நாத்தனாரால் அண்ணிக்குக் கால் உடைந்தது என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. பட்டறை ஆசிரியர் மாணவர்களை அழைத்து வருகிறார்.

இனி டிரைவர் விஷயம். பயணம் என்று தெரிந்ததும் அவர், “வண்டி ஓட்டறது என் டூட்டி. உள்ள வரமாட்டேன்” என்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நேற்று பஸ்ஸைக் கழுவினார். இன்று மறுபடியும் கழுவினார். டயருக்குக் காற்று, கண்ணாடிக்குத் துணி, சீட்டுக்கெல்லாம் புது உறை. “யாரு வராங்க, மந்திரியா?” என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். “பசங்க போறாங்க” என்றார்.

அவராக வந்து பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வரவே மாட்டார் என்றும் நினைக்காதீர்கள். எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. காலை நீட்டிக்கொண்டு இங்கே காத்திருப்பேன். ஒன்று விடாமல் எழுதுங்கள்.

அண்ணி


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணிக்கு,

ஒன்று விடாமல் எழுதுகிறேன். கை வலித்தால் நீங்கள்தான் பொறுப்பு.

காலை ஷிப்ட் தொடங்கும்போதே பஸ் வந்துவிட்டது. மாணவர்கள் திபுதிபுவென்று இறங்கினார்கள். அண்ணன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், வண்டி இன்னும் ஓடுவது போல. நான் மாணவர்களை உள்ளே கூட்டிப் போனேன்.

கட்டர் பக்கத்திலேயே சுவரில் பெரிய தாள் ஒட்டினார்கள். நடுவில் சராசரிக் கோடு, மேலே ஓர் எல்லைக் கோடு, கீழே ஓர் எல்லைக் கோடு. ஒவ்வொரு தரமும் ஐந்து கட்டி எடுத்து நிறுத்து, சராசரியைப் புள்ளியாக வைத்துப் போன புள்ளியோடு இணைத்தார்கள். கட்டர் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வேலையைப் படம் வரைய ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று ஒவ்வொரு கட்டியையும் இன்னும் கவனமாக நிறுத்து, இன்னும் கவனமாகத் திருகினார். கோடு மேலே எகிறியது, கீழே விழுந்தது. ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. எல்லைக் கோட்டை எத்தனையோ தரம் தாண்டியது.

சாப்பாட்டு நேரத்தில் நான் வெளியே போனேன். எதற்கென்று யோசிக்கவில்லை, கால் போனது. பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் திரும்பவில்லை. எதிரே இருக்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கேட்டுல நின்னேன்” என்றார்.

“தெரியும்.”

“மழை வேற.”

“தெரியும்ணா.”

“வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடைக்குள்ளயாவது போய் நின்னிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்துவிட்டது. மூன்று வருடமாக அவர் கோபத்தை நான் எவ்வளவு பெரிதாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். நனைந்துவிட்டாராம்.

“சொன்னா போக விட்டிருப்பியா?” என்று கேட்டேன்.

யோசித்தார். “விட்டிருக்க மாட்டேன்” என்றார். பிறகு, “வேலை பிடிச்சிருக்கா?” என்றார்.

“ரொம்ப.”

“அப்ப சரி.” சீட்டுக்கு அடியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். இரண்டு டப்பா. நீங்கள்தான் கட்டிக் கொடுத்திருப்பீர்கள் என்று பார்த்தால், நீங்கள் கட்டிலை விட்டு எழுந்தே பத்து நாள் ஆகிறது, சமையல் தன்னுடையது என்றார். உப்பு கொஞ்சம் தூக்கல், அண்ணி. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

மத்தியான ஷிப்ட் வந்தது. பாட்டுக்காரர் பாடிக்கொண்டே நின்றார். திருகைத் தொடவில்லை. கோடு நடுவை ஒட்டிச் சாதுவாக நடந்தது. ஒரு புள்ளி கூட எல்லைக்கு வெளியே போகவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். முதலாளி இரண்டு தரம் பார்த்துவிட்டு, “பேரை மாத்தி எழுதிட்டீங்களா?” என்று கேட்டார்.

கட்டர் அக்கா ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்தார். முகம் சுருங்கிவிட்டது. “அப்ப நான் பாத்துப் பாத்து செஞ்சதெல்லாம் தப்பா?” என்று கேட்டார்.  உங்கள் வக்கீல் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்தது தப்பே இல்லக்கா. மிஷின் தானா கொஞ்சம் ஆடும், அதுக்கு நீங்க பொறுப்பில்ல. இந்தக் கோட்டைத் தாண்டினா மட்டும் தொடுங்க. உங்கள மாதிரி கவனிக்க வேற யாரு இருக்காங்க?”

“நம்ப மாட்டேன்” என்றார் அக்கா. “இப்பவே நானே நின்னு பாக்கறேன்.”

பாட்டுக்காரர் இடம் விட்டார். அக்கா கட்டர் முன்னால் நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மாணவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அண்ணனும் உள்ளே வந்து ஓரமாக நின்றார். முதல் புள்ளி நடுவில். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் கீழே இறங்கியது, எல்லைக்குள்தான். அக்காவின் கை தானாக முன்னால் வந்தது.

“தொடாதீங்க” என்றார் ஒருவர், மெதுவாக, பட்டு அறிந்தவர் குரலில். உங்கள் வீட்டுக்காரர்தான்.

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அடுத்த புள்ளி தானாக மேலே ஏறி நடுவில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு பேரும் கைதட்டினார்கள். இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. “சும்மா நிக்கறதுதான் எவ்வளவு கஷ்டம்” என்று அக்கா உட்கார்ந்துவிட்டார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

பாட்டுக்காரர் வேலையில் நீடிக்கிறார். பாட்டையும் நிறுத்தவில்லை.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 20

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணன் உன்னைக் கூப்பிடும் பெயரிலேயே நானும் கூப்பிடலாம் என்று நீ போன மாதம் இங்கே வந்து தங்கியபோது அனுமதி கொடுத்தாய். இப்போதெல்லாம் நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொள்ளும் நேரத்தில் எனக்குப் போனே கிடைப்பதில்லை. அதனால் நான் கடிதத்தையே வைத்துக்கொள்கிறேன்.

பரீட்சை முடிவு வந்துவிட்டது. மூன்றே பேர் பெயில். அதில் ஒருவன் தேதியை மறந்து பரீட்சைக்கே வரவில்லை. ‘தயாரிப்பில் இயல்பான மாறுபாடு என்றால் என்ன?’ என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு கட்டர் அக்காவின் கதையை எழுதியிருக்கிறது. ஒருவன் அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பதைப் படமாகவே வரைந்திருந்தான். முழு மதிப்பெண் போட்டேன். வெல்டிங்குக்கு வேறு நேரம் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த பிரிவுக்கும் நானே எடுக்க வேண்டுமாம். கால் சரியாகிவிட்டது, மாடிப்படி ஏறி ஏறித்தான் வலிக்கப் போகிறது.

வாடிக்கையாளர் புது ஒப்பந்தம் போட்டதும், முதலாளி உன்னை இயந்திரக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னதும் கேட்டு எனக்குச் சந்தோஷம். நீ பயப்படுவதைக் கேட்டுக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம். ஐந்து வருடம் நான் பட்டது உனக்கும் தெரியட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை நீயே சொல்லிவிடாதே. பேசாமல் நில். அந்த அமைதி உனக்குத் தாங்க முடியாததாக இருக்கும். அவர்களுக்கு அது யோசிக்கிற நேரம்.

வக்கீலுக்கு உங்கள் தொழிற்சாலையில் பயிற்சி இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் பெருமை. பிரின்சிபாலுக்கு நிம்மதி. உன் வகுப்பு நடக்கும் சனிக்கிழமையே அவளையும் அவள் பெட்டியையும் கொண்டுவந்து விடுகிறார் உன் அண்ணன். எனக்கு அன்று வகுப்பு இருக்கிறது. எப்படி நடந்தது என்று எழுது.

உன் அண்ணி


டிசம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வகுப்பு பேக்கிங் ஹாலில். கவிழ்த்துப் போட்ட பெட்டிகள்தான் பெஞ்சு. முன் வரிசையில் கட்டர் அக்கா, பக்கத்தில் பாட்டுக்காரர், அவருக்குப் பக்கத்தில் வந்து இறங்கிய கையோடு வக்கீல். என் உதவியாளர் கூட விழித்திருந்தார். என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் பெரியவர்கள் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்ததும், படித்து வைத்திருந்த முதல் வாக்கியம் காணாமல் போய்விட்டது. இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்கினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. போர்டில் கோடு போட்டேன், அதுவும் கோணல்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வக்கீலை விட்டுவிட்டு எப்போதோ கிளம்பிப் போயிருப்பார் என்று நான் நினைத்த அண்ணன். எழுந்து நின்றார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“பின்னாடி சரியா கேக்கல மேடம். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

பிறந்ததிலிருந்து அவர் என்னை ‘நீங்க’ என்று சொல்லிக் கேட்டதில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். துளிக்கூடச் சிரிப்பில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கட்டர் அக்கா திரும்பி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதல் வாக்கியம் நினைவுக்கு வந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்து சொன்னேன், அண்ணி. சத்தமாகவே சொன்னேன்.

உங்கள் வாலு